பிரதியில் பிறந்த புதுமை

விசுவாசமும் விஞ்ஞானமும்



மாலைச் செபம் முடிந்து குடும்பத்தார் உணவுக்கு அமரும் வேளை. மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் பயிலும் மகனோ மகளோ, “உயிர்களெல்லாம் படிப்படியாக மாறி வந்தவை என்று பள்ளியில் கற்பிக்கிறார்கள், கடவுள் படைத்தார் என்று மறைக்கல்வியில் கற்றோம், இரண்டில் எது பொய்?” என்று கேட்டுவிட்டால், பெற்றோர் என்ன விடை தருவர்? “தேர்வுக்கு அதைப் படி, ஆன்மாவுக்கு இதைப் படி, இரண்டையும் சேர்த்துக் குழப்பாதே” என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார் சிலர். “அதெல்லாம் நாத்திகர் கட்டிவிட்ட கதை” என்று அதட்டி வாயடைப்பார் வேறு சிலர். முதல் விடை பிள்ளையின் உள்ளத்தை இரு கூறாக்குகிறது. இரண்டாவது விடையோ அதனினும் கொடியது. பின்னொரு நாள் அப்பிள்ளை கல்லூரிக்குச் சென்று சான்றுகளை நேரில் காணும்போது, தூக்கி எறியப்படுவது அறிவியல் அன்று. பெற்றோர் ஊட்டி வளர்த்த விசுவாசமே ஆகும்.

இத்தகைய கேள்வி ஒன்று அமெரிக்க நாட்டில் ஒரு சிற்றூரைப் பிளந்து, நீதிமன்றம் வரை சென்றது. அவ்வழக்கில் எதிரெதிர் அணிகளில் நின்று சாட்சி சொன்ன முதன்மையான அறிவியலார் இருவரும் நம்மைப் போன்ற கத்தோலிக்கர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அவ்வழக்கையும், அதன் நடுவே நின்ற அறிவியல் வினாவையும், திருச்சபையின் போதனையையும் இம்மாதம் சற்று விரிவாகக் காண்போம்.

டோவர் நகர் வழக்கு

பென்சில்வேனியா மாநிலத்தில் டோவர் என்றொரு சிறு நகர் உண்டு. அங்குள்ள பள்ளிகளை மேற்பார்க்கும் ஆட்சிக் குழு 2004-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு தீர்மானம் இயற்றியது. ஒன்பதாம் வகுப்பு உயிரியல் பாடத்தின் தொடக்கத்தில் மாணவருக்கு ஓர் அறிக்கை படிக்கப்பட வேண்டும். டார்வினின் கொள்கையில் ஓட்டைகள் உள்ளன என்றும், ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்னும் மாற்று விளக்கம் உண்டென்றும், அதனை விளக்கும் நூல் பள்ளியில் கிடைக்கும் என்றும் அவ்வறிக்கை கூறும். உயிரியல் ஆசிரியர்கள் அதனைப் படிக்க மறுத்தனர். எனவே 2005-ஆம் ஆண்டு சனவரியில் நிர்வாகிகளே வகுப்புக்கு வந்து படித்தனர். அதற்கு முன்னரே, பெற்றோர் பதினொருவர் இது அரசுப் பள்ளியில் சமயத்தைப் புகுத்தும் செயலென்று கூறி வழக்குத் தொடுத்திருந்தனர்.

‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்பது யாது? உயிரணுவின் உள்ளே காணப்படும் சில அமைப்புகள் மிகவும் சிக்கலானவை. அவை படிப்படியாகத் தோன்றியிருக்க இயலாது. ஆகவே அறிவுள்ள ஒருவர் நேரடியாகத் தலையிட்டு அவற்றை வடிவமைத்திருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். இதனைத் திறம்பட எடுத்துரைத்தவர் லீஹை பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் பேராசிரியர் மைக்கேல் பீஹி. இவர் 1996-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் எலிப்பொறியை எடுத்துக்காட்டாகக் கூறினார். பலகை, சுருள்வில், அடிக்கும் கம்பி முதலிய பாகங்களுள் ஒன்றை நீக்கினாலும் எலிப்பொறி எலி பிடிக்காது. அதுபோலவே உயிரணுவின் சில பொறிகளும் எல்லாப் பாகங்களும் ஒருங்கே அமைந்தாலன்றி இயங்கா என்றார். பீஹி கல்லாத மனிதர் அல்லர். உலகம் பல கோடி ஆண்டுப் பழமையுடையது என்பதையும், உயிர்கள் பொது மூதாதையரிடமிருந்து வந்தவை என்பதையும் அவர் ஏற்பவர். அவரை நாம் எள்ளி நகையாடுதல் முறையன்று.

எதிரணியில் முதற்சாட்சியாக வந்தவர் பிரவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கென்னத் மில்லர். அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாகப் பயன்பட்ட உயிரியல் பாடநூலை எழுதியவர்களுள் ஒருவர். திருப்பலிக்குத் தவறாது செல்லும் கத்தோலிக்கர். எலிப்பொறியின் சில பாகங்களைக் கழற்றிவிட்டு, எஞ்சியதைக் கழுத்துப்பட்டையில் ஊசியாகக் குத்திக்கொண்டு, “இது எலி பிடிக்காது, ஆனால் பட்டையைப் பிடித்துக்கொள்கிறதே!” என்னும் கருத்தை மேடைகளில் அவர் விளக்கியதுண்டு. முழுமை பெறாத பொறியும் வேறொரு பணிக்கு உதவும் என்பதே அவர் கூற வந்தது.

புதிய மரபணு எங்கிருந்து வரும்?

வழக்கின் நடுவே நின்ற வினாக்களுள் ஒன்று மிகக் கூர்மையானது. பரிணாமம் உள்ளதைச் சிதைக்கலாம், சற்றே திருத்தலாம். ஆனால் இதுவரை இல்லாத புதிய மரபணுவை, புதிய செய்தியை, அதனால் உண்டாக்க இயலுமா? இயலாது என்று டோவர் பள்ளியில் வைக்கப்பட்ட நூல் கூறியது. இயலும் என்றனர் அறிவியலார். யார் சொல்வது மெய்?

மரபணு என்பது, எளிதாகச் சொன்னால், உயிரணு ஒரு புரதத்தை எவ்வாறு செய்வது என்று எழுதி வைத்திருக்கும் குறிப்பு. அக்குறிப்பு டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டுள்ளது. மனித உடலின் முழு ஏட்டில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. புரதம் செய்யும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. உயிரணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம் இந்த ஏடு முழுவதும் பிரதி எடுக்கப்படுகிறது. ஓலைச் சுவடிகளைப் பிரதி செய்த நம் முன்னோர் எவ்வளவு கவனமாக எழுதியும் இடையிடையே பிழை நேர்ந்ததுபோல இங்கும் நேர்கிறது. ஓர் எழுத்து மாறலாம். ஒரு வரி விடுபடலாம். சில வேளைகளில் ஒரு பத்தி முழுவதும் இருமுறை எழுதப்பட்டுவிடும். புதுமையின் வாயில் பெரும்பாலும் இந்த இரட்டிப்பிலேதான் திறக்கிறது.

இதனை நம் அடுக்களையிலிருந்தே விளக்கலாம். ஒரு வீட்டில் ஒரே ஓர் அரிவாள்மணை இருக்கிறது. காய் நறுக்கவும் மீன் அரியவும் அதுவே வேண்டும். அதனை வளைக்கவோ தேய்க்கவோ வீட்டுத் தலைவி விடுவாளா? விடமாட்டாள். மற்றொரு அரிவாள்மணை வந்து சேர்ந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. ஒன்று தன் பழைய தொழிலைச் செய்துகொண்டிருக்க, மற்றொன்றை எப்படி மாற்றினாலும் சமையல் நின்றுவிடாது. அது மூலையில் கிடந்து துருப்பிடித்துப் போகலாம்; பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். சில வேளை அதன் நுனி பல்பல்லாக அமைந்து தேங்காய் துருவ உதவலாம். அப்போது வீட்டில் இதுவரை இல்லாத ஒரு கருவி வந்துவிடுகிறது. ஒரு வேறுபாட்டை மட்டும் நாம் மறவாதிருப்போம். அரிவாள்மணையை மாற்றுபவன் கொல்லன். மரபணுவிலோ மாற்றங்கள் பிரதிப் பிழைகளாக நேர்கின்றன. அவற்றுள் உயிருக்கு உதவுவனவற்றைத் தாங்கிய உயிர்கள் மிகுதியாகச் சந்ததி பெற்றுப் பெருகுகின்றன. கேடு செய்வன மறைகின்றன. இதனையே இயற்கைத் தேர்வு என்பர். மரபணு இரட்டிப்பின் இத்தகைய ஆற்றலை 1970-ஆம் ஆண்டு ஒரு நூலாகவே விரித்துரைத்தவர் ஜப்பானிய வழிவந்த அறிவியலார் சுசுமு ஓனோ ஆவார்.

தாயின் வயிற்றில் ஒரு சான்று

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் இரத்தத்தின் செந்நிறத்திற்குக் காரணமான ஹீமோகுளோபின் என்னும் புரதம் நான்கு இழைகளால் ஆனது. பெரியவர்களின் உடலில் இரண்டு ‘ஆல்பா’ இழைகளும் இரண்டு ‘பீட்டா’ இழைகளும் பெரும்பாலும் இதனை ஆக்குகின்றன. தாயின் வயிற்றில் வளரும் சிசுவுக்கோ ‘பீட்டா’வுக்குப் பதிலாகக் ‘காமா’ என்னும் இழை அமைகிறது. இக்காமா இழை பெற்ற ஹீமோகுளோபின் ஆக்சிஜனைத் தாயினுடையதைக் காட்டிலும் இறுகப் பற்றும். அதனாலேயே, மூச்சுவிட இயலாத சிசு, தாயின் இரத்தத்திலிருந்து தனக்கு வேண்டிய உயிர்க்காற்றை இழுத்துக்கொள்கிறது. பிறந்த சில திங்களுக்குள் காமா தன் பணியைப் பீட்டாவிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்குகிறது.

இந்தக் காமாவின் குறிப்பு எங்கே எழுதப்பட்டுள்ளது தெரியுமா? பதினொன்றாம் குரோமோசோமில், பீட்டாவின் மரபணுவுக்குப் பக்கத்திலேயே! எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் இரண்டும் உடன்பிறப்புகள் என்பது வெளிப்படை. பழைய மரபணு ஒன்று இரட்டித்து, ஒரு பிரதி பெரியவர்க்கும் மற்றொன்று சிசுவுக்கும் உரியதாயிற்று. அதே வரிசையில் செயலிழந்த ஒரு பிரதியும் கிடக்கிறது. அது புரதம் எதையும் செய்வதில்லை. நாம் முன்னர்க் கூறிய துருப்பிடித்த அரிவாள்மணை அதுவே. வெற்றி பெற்ற பிரதியும் வீணான பிரதியும் ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்கும் இக்காட்சி, வரலாறு ஒன்று இங்கே நடந்திருக்கிறது என்பதை ஐயமின்றிக் காட்டுகிறது.

உறையாத மீன்கள்

இன்னும் வியப்பான சான்று தென்துருவக் கடலில் உள்ளது. உப்பு நீராதலால் அக்கடல் சுழியத்திற்குக் கீழே ஏறத்தாழ 1.9 பாகை வரை குளிர்ந்தும் நீராகவே இருக்கும். பிற கடல் மீன்களை அங்கே விட்டால் இரத்தம் உறைந்து மடியும். ஆயினும் அங்கே மீனினங்கள் பல இனிதே வாழ்கின்றன. அவற்றின் இரத்தத்தில் பனித்துகளைப் பற்றிக்கொண்டு வளரவிடாமல் தடுக்கும் ஒரு புரதம் இருப்பதை 1960-களில் ஆர்தர் டெவ்ரீஸ் என்பார் கண்டறிந்தார்.

அப்புரதத்தின் மரபணு எங்கிருந்து வந்தது? 1997-இல் டெவ்ரீஸும், கிறிஸ்டினா செங் முதலிய அவருடைய உடனாய்வாளரும் விடை கண்டனர். உணவைச் செரிக்கக் கணையம் சுரக்கும் டிரிப்சின் என்னும் நொதியின் மரபணுவே அதன் மூலம்! அம்மரபணுவின் தலைப்பகுதியும் வாற்பகுதியும் இதில் அப்படியே உள்ளன. நடுப்பகுதி பெரும்பாலும் உதிர்ந்துபோயிற்று. ஒன்பதே எழுத்துகள் கொண்ட சிறு துண்டொன்று மட்டும் மீண்டும் மீண்டும் பிரதியாகி, நீண்ட மாலைபோல் பெருகியிருக்கிறது. அந்த மாலையே பனியைத் தடுக்கும் புரதத்தின் குறிப்பு. பாதி செரிப்பு நொதியும் பாதி பனித்தடுப்பும் ஒன்றாய் இணைந்த இடைநிலை மரபணு ஒன்றையும் 1999-இல் தென்துருவ மீன் ஒன்றில் கண்டனர். கோவிலின் பழைய சுவரையும் புதிய சுவரையும் இணைக்கும் பாதிக் கட்டடம் கண்ணெதிரே நிற்பதுபோன்றதே இது.

வடதுருவக் கடலின் காட் மீனுக்கும் ஏறத்தாழ இதே புரதம் உண்டு. எனினும் அதன் மரபணுவோ டிரிப்சினோடு எவ்வகை உறவும் இல்லாதது. புரதம் எதற்கும் குறிப்பாக இராத டி.என்.ஏ. பகுதியிலிருந்தே அது புதிதாக எழுந்தது என்று 2019-இல் வெளியான ஆய்வு விளக்கியது. ஆக, இரு துருவங்களிலும் ஒரே தேவை, ஏறத்தாழ ஒரே விடை; ஆனால் வந்த வழிகளோ வேறு.

வேறு வழிகளும் உள. ஆப்பிரிக்கப் பழ ஈக்கள் இரண்டில், ஒரு மரபணுவின் பிரதி வேறொரு மரபணுவினுள் சென்று ஒட்டி, இரண்டும் சேர்ந்து புதியதொன்றாயின. செத்த பிரதி என்று முதலில் கருதப்பட்ட அது உயிருள்ளது என்று 1993-இல் காட்டிய மன்யுவான் லாங், கடலில் மூழ்கிப் பறவையாய் மீண்ட சீனப் புராண இளவரசியின் பெயரால் அதற்கு ஜிங்வெய் என்று பெயரிட்டார். அதன் வயது ஏறத்தாழ இருபது இலட்சம் ஆண்டுகளே. மரபணுக்களின் கணக்கில் அது கைக்குழந்தை.

கண்ணெதிரே நிகழ்ந்ததும் உண்டு. 1988-ஆம் ஆண்டு ரிச்சர்டு லென்ஸ்கி என்பவர் பன்னிரண்டு குடுவைகளில் ஒருவகைப் பாக்டீரியாவை வளர்க்கத் தொடங்கினார். ஏறத்தாழ 31,500 தலைமுறைகள் கடந்தபின், ஒரே ஒரு குடுவையிலிருந்தவை, காற்றுள்ள இடத்தில் அவ்வினம் உண்ண இயலாத சிட்ரேட் என்னும் பொருளை உண்ணத் தலைப்பட்டன. ஆராய்ந்தபோது, பழைய மரபணு ஒன்று இரட்டித்து, அதன் பிரதி வேறொரு மரபணுவை இயக்கும் ‘விசை’யின் கீழ் அமர்ந்துவிட்டது தெரியவந்தது.

தீர்ப்பு

மீண்டும் டோவர் வழக்குக்கு வருவோம். புதிய மரபணுச் செய்தி இயற்கையில் தோன்றுவதைக் காட்டும் ஆய்வுக் கட்டுரைகள் மூன்று டசனுக்கும் மேற்பட்டவை உள்ளன என்று மில்லர் சாட்சியத்தில் எடுத்துக்காட்டினார். உடலின் நோய்த்தடுப்பு அமைப்பு எவ்வாறு தோன்றியது என்பதற்கு அறிவியலில் விடையே இல்லை என்று எழுதியிருந்த பீஹியின் முன், அது குறித்து வெளிவந்த 58 கட்டுரைகளும் ஒன்பது நூல்களும் அடுக்கி வைக்கப்பட்டன. அவை போதியன அல்ல என்பதே அவரது விடையாயிற்று.

நீதிபதி ஜான் ஜோன்ஸ் 2005 டிசம்பர் 20-ஆம் நாள் 139 பக்கங்களில் தீர்ப்பு வழங்கினார். ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ அறிவியல் அன்று. அதனை அரசுப் பள்ளியில் புகுத்துவது அந்நாட்டு அரசியலமைப்புக்கு முரண் என்றார். அதே வேளையில், பரிணாமக் கொள்கை இறைவன் இருப்பதோடு எவ்வகையிலும் மோதுவதன்று என்று அறிவியல் சாட்சிகள் கூறியதையும் அவர் எடுத்துக்காட்டினார். தீர்ப்பின் மற்றொரு பகுதி விசுவாசிகளாகிய நம் நெஞ்சைக் குத்த வேண்டியது. தம் சமயப் பற்றைப் பொதுவில் பெருமையோடு பறைசாற்றிய ஆட்சிக் குழுவினர் சிலர், தம் உள்நோக்கத்தை மறைக்க ஆணையிட்ட பின்னும் பொய் கூறினர் என்று நீதிபதி வருந்தி எழுதினார். இறைவனுக்கு ஆதரவாகப் பொய் பேசலாமோ என்று தம் நண்பர்களை யோபு கடிந்துகொண்டதை நாம் எண்ணிப் பார்க்கிறோம். உண்மையே உருவான இறைவனுக்குப் பொய்யின் துணை எதற்கு?

திருச்சபை கூறுவது

இவ்வாறான இக்கட்டுக்குள் திருச்சபை நம்மைத் தள்ளவில்லை. தொடக்க நூலுக்கு உரை எழுதிய புனித அகுஸ்தினார், ஆயிரத்தறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் எச்சரிக்கை விடுத்தார். இயற்கையைப் பற்றிப் பிற மக்கள் நன்கறிந்த செய்திகளில் கிறிஸ்தவன் மறைநூலின் பெயரால் தவறாக உளறினால், உயிர்ப்பைப் பற்றியும் விண்ணரசைப் பற்றியும் அந்நூல் கூறுவதை அவர்கள் எங்ஙனம் நம்புவர் என்பது அவர் கேள்வி. புனித தோமாஸ் அக்குவினாஸ் இறைவனை முதற்காரணர் என்றும், படைப்புப் பொருள்களை மெய்யாகவே செயலாற்றும் துணைக்காரணங்கள் என்றும் வகுத்தார். கப்பல் கட்டும் தச்சன் மரத்துண்டுகளுக்குத் தாமே நகர்ந்து கப்பலாகும் ஆற்றலைத் தரக்கூடுமானால் எப்படியோ, அப்படிப்பட்டது இயற்கை என்று அவர் உவமை கூறினார். இறைப் பராமரிப்பு தற்செயல் நிகழ்ச்சிகளை விலக்குவதில்லை என்பதும் அவர் போதனையே.

மரபுவழி அறிவியலின் தந்தையான கிரகோர் மெண்டல், அகுஸ்தினார் சபைத் துறவி அல்லரோ? தம் மடத்துத் தோட்டத்துப் பட்டாணிச் செடிகளில் கண்ட விதிகளை 1866-இல் அவர் வெளியிட்டார். 1950-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், மனித உடல் முன்னிருந்த உயிர்ப்பொருளிலிருந்து தோன்றியதா என்பதை அறிஞர் ஆராயத் தடையில்லை என்றும், ஆன்மாவோ இறைவனால் நேரடியாகப் படைக்கப்படுவது என்றும் போதித்தார். 1996-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், புதிய அறிவின் வெளிச்சத்தில் பரிணாமத்தை வெறும் கருதுகோள் என்பதற்கு மேலாகக் கொள்ள வேண்டும் என்றார். மெய்யாகவே தற்செயலான இயற்கை நிகழ்வின் விளைவும் இறைவனின் பராமரிப்புத் திட்டத்துள் அடங்கலாம் என்று அனைத்துலக இறையியல் குழு 2004-இல் விளக்கியது. இறைவன் மாயக்கோல் ஏந்திய மந்திரவாதி அல்லர் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2014-இல் நினைவூட்டினார்.

திருச்சபைக்குள்ளும் விவாதம் எழாமல் இல்லை. 2005 சூலையில் வியன்னாவின் கர்தினால் ஷொன்போர்ன், வழிகாட்டலோ நோக்கமோ அற்ற வெறும் தற்செயலே உயிர் வரலாறு என்னும் கூற்றைக் கண்டித்து எழுதினார். வத்திக்கான் வானாய்வுக் கூடத்தின் தலைவராயிருந்த சேசு சபைக் குரு ஜார்ஜ் காயின் அதற்கு மறுப்பு எழுதினார். கர்தினால் பின்னர், அறிவியல் தன் எல்லைக்குள் நிற்கும்வரை பரிணாமக் கொள்கையோடு தமக்குப் பிணக்கில்லை எனத் தெளிவுபடுத்தினார். அவரது கவலையிலும் நியாயம் உண்டு. எல்லை மீறுவோர் இருபுறமும் இருக்கின்றனர். மரபணு மாற்றம் உயிரின் தேவையை நோக்கி நிகழ்வதில்லை என்று சொல்லும்போது அறிவியலார் தம் துறையில் நிற்கிறார். ‘ஆகவே வாழ்வுக்கே நோக்கமில்லை, இறைவனும் இல்லை’ என்று அவரே தொடர்வாராயின், அவர் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறி மெய்யியல் மேடையில் ஏறிவிட்டார். அங்கே அவர் சொல்வதற்கு நுண்ணோக்கி சாட்சி கூறாது.

டோவர் வழக்கில் சாட்சி சொன்ன கத்தோலிக்க இறையியலார் ஜான் ஹாட் இதனை ஒரு தேநீர்க் கெண்டியால் விளக்கினார். கெண்டி ஏன் கொதிக்கிறது? நெருப்பின் வெப்பத்தால் நீரின் நுண்துகள்கள் துள்ளுகின்றன என்பது ஒரு விடை. எனக்குத் தேநீர் வேண்டும் என்பது மற்றொரு விடை. இரண்டும் மெய், ஒன்று மற்றொன்றைத் தள்ளுவதில்லை. நெருப்பை ஆராய்கிறவர் அங்கே தேநீர் அருந்துவோரின் விருப்பத்தைக் காணாதது வியப்பன்று. அது இல்லை என்று அவர் சாதிப்பதே தவறு.

இறைவனுக்கு எது இடம்?

‘அறிவார்ந்த வடிவமைப்பு’ அறிவியலாகத் தேறவில்லை. அது விசுவாசத்திற்கேனும் உதவுமா என்று கேட்போம். நம் அறியாமையின் ஓட்டைகளில் இறைவனைக் குடியமர்த்துகிறது அக்கொள்கை. உறையாத மீனின் மரபணு எப்படி வந்ததென்று 1990-இல் எவரும் அறியார். அன்று ஒருவர் ‘இதோ இறைவனின் நேரடிக் கைவேலை’ என்று சொல்லித் தம் பிள்ளையின் விசுவாசத்தை அதன்மேல் கட்டியிருந்தால், 1997-இல் அவ்வீடு மணல்மேல் கட்டிய வீடாகியிருக்கும். முதல் உயிரணு எவ்வாறு தோன்றியது என்பது இன்றும் அறிவியல் முழுமையாக விடுவிக்காத புதிர்தான். அதனை நம் விசுவாசத்தின் கடைசிக் கோட்டையாக்கிக் காவல் நிற்க வேண்டியதில்லை. அறிந்தவற்றிற்கும் அறியாதவற்றிற்கும் ஒருங்கே ஆண்டவர் அவர்.

இதனினும் வேதனையான ஒன்றுண்டு. நாம் கண்ட அந்தப் பீட்டா மரபணுவில் நேரும் பிழைகளே பீட்டா தலசீமியா என்னும் கொடிய நோய்க்கும் காரணம். அந்நோயுள்ள குழந்தை சில வாரங்களுக்கொருமுறை பிறர் இரத்தம் ஏற்றிக்கொண்டுதான் உயிர்வாழ வேண்டியிருக்கும். மரபணுவின் ஒவ்வோர் எழுத்தையும் இறைவன் தனித்தனியே தம் கையால் வடிவமைத்தார் என்போமானால், மருத்துவமனைப் பெஞ்சில் அமர்ந்திருக்கும் அத்தாயிடம் நாம் என்ன சொல்வோம்? அந்தப் பிழையையும் அவரே எழுதினார் என்றா? அவ்வாறு சொல்ல நம் நா எழவில்லை. பிறவிக் குருடனைக் கண்டு, யார் செய்த பாவம் என்று சீடர் கேட்டபோது, இவன் செய்ததுமன்று, இவன் பெற்றோர் செய்ததுமன்று என்று ஆண்டவர் அக்கேள்வியையே திருப்பிவிட்டாரன்றோ? பிரதி எடுத்துப் பெருகும் உயிர், பிழைக்கும் இடந்தருகிறது. அப்பிழையினின்றே சிசுவுக்கு மூச்சுத் தரும் காமாவும் வந்தது; இந்நோயும் வந்தது. துன்பத்தின் மறைபொருள் இதனால் விடுபட்டுவிட்டது என்று நாம் கூறவில்லை. அதற்குத் திருச்சபை காட்டும் விடை சூத்திரம் அன்று, சிலுவை. அத்தாய்க்கு நாம் தர வேண்டியதும் விளக்கவுரை அன்று, இரத்ததானமும் உடனிருப்புமே.

ஆகவே, பெற்றோரே, பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்கும் நாளில் அஞ்சாதீர்கள், அதட்டாதீர்கள். “உன் உயிரியல் நூலை எடுத்து வா, எனக்கும் சொல்லிக்கொடு” என்று அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். எப்படி வந்தது என்று அந்நூல் கூறட்டும். எவரால், எதற்காக என்பதை உங்கள் வாழ்வு கூறட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் தாழ்வில்லை. தாயின் வயிற்றில் தான் கிடந்த நாள்களில், பழைய மரபணு ஒன்றின் பிரதி தனக்கு மூச்சுக்காற்றைச் சேர்த்துத் தந்தது என்பதை ஒரு பிள்ளை அறியுமானால், அன்று மாலைச் செபத்தில் அது சொல்லும் நன்றி குறைவதற்குக் காரணம் ஏதுமில்லை.